புகுந்த நாட்டின் இசைவாணர் ஹாண்டெல்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு, மொழியும் உணவும் வேறான ஊரில் குடியேறி வாழ்வோர்க்கு நீங்காத கவலை ஒன்று உண்டு. நாம் கற்றுவந்த கலை இவ்விடத்தில் எடுபடுமா, இவ்வூரார் நம்மைத் தம்மவராக ஏற்பரா என்பதே அது. இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த இசைப் பெரியார் ஜார்ஜ் பிரெடெரிக் ஹாண்டெல் இக்கவலையை நன்கு அறிந்தவர். ஜெர்மனியில் பிறந்து, இத்தாலியில் தேர்ச்சி பெற்று, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கிலாந்தில் கழித்தவர் அவர். அங்கே உயர்ந்தார், விழுந்தார், ஐம்பது வயதைக் கடந்த பின்னர், அதுவரை தாம் செய்துவந்த தொழிலையே மாற்றிக்கொண்டு மீண்டும் எழுந்தார். அவர் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கள் அறிவது நன்று எனக் கருதி இதனை எழுதலானேன்.

முதலில் அவர் காலத்தைப் பற்றிச் சில சொற்கள். ஐரோப்பியக் கலை வரலாற்றில் ஏறக்குறைய 1600 முதல் 1750 வரையுள்ள காலத்தைப் பரோக் காலம் என்பர். உருண்டு திரளாமல் கோணலாக விளைந்த முத்தைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல் ஒன்றிலிருந்து இப்பெயர் பிறந்தது என்று கூறுவர். ஆடம்பரம் மிகுந்த கலை என்று பின்வந்தோர் இகழ்ந்து இட்ட பெயர், நாளடைவில் மதிப்புள்ள பெயராகிவிட்டது. இருளையும் ஒளியையும் எதிரெதிரே நிறுத்தி உயிரோவியம் தீட்டிய காரவாஜியோவும் ரெம்பிராண்டும் இக்காலத்தவர். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி தாமே மேடையேறி நடனம் ஆடியதும் இக்காலத்திலேதான். ஓவியம், இசை, நடனம் ஆகிய மூன்றும் ஒரே மேடையில் கூடிய புதிய கலைதான் ஆப்பெரா எனப்படும் இசை நாடகம். வண்ணம் தீட்டிய திரைத்தட்டிகள் நகர்ந்து காட்டை அரண்மனையாக மாற்றும். பொறிகளின் உதவியால் தேவர்கள் மேகத்தில் அமர்ந்து கீழே இறங்குவர். பாட்டும் கூத்தும் இடையறாது நிகழும். இயல், இசை, நாடகம் என மூன்றையும் ஒன்றாகவே எண்ணிப் பழகிய நமக்கு இதன் கவர்ச்சி எளிதில் விளங்கும். இந்த ஆப்பெராவுக்கே ஹாண்டெல் தம் இளமை முழுவதையும் ஈந்தார்.

அவர் 1685ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள் ஹாலே என்னும் நகரில் பிறந்தார். தந்தையார் நாவிதத் தொழிலோடு ரண சிகிச்சையும் செய்தவர். அந்நாளில் அங்கே அவ்விரண்டும் ஒரே தொழில். நம் நாட்டிலும் நாவிதரை மருத்துவர் என்று அழைக்கும் வழக்கம் இருந்ததை இங்கு நினைக்கலாம். மகன் பிறந்தபோது தந்தைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தம் மகன் வழக்கறிஞனாகிக் கௌரவமாக வாழவேண்டும் என்பது அவர் ஆசை. சங்கீதம் சோறு போடாது என்பது அவர் முடிவு. (எந்நாட்டுத் தந்தையரும் இவ்வகையில் ஒன்றுபோலும்!) சிறுவன் வீட்டின் பரண் அறையில் ஓசை குறைந்த வாத்தியம் ஒன்றை ஒளித்துவைத்து, யாவரும் உறங்கிய பின் வாசித்துப் பழகினான் என்பது செவிவழிக் கதை. ஒருநாள் அரசவையில் அவன் ஆர்கன் வாசிக்கக் கேட்ட பிரபு ஒருவர், இவனை இசை கற்க விடுங்கள் என்று தந்தையிடம் எடுத்துரைத்தாராம். அதன்பின் ஸகாவ் என்னும் நல்லாசிரியரிடம் சேர்க்கப்பட்டான். 1697இல் தந்தை இறந்தார். அவர் விருப்பத்துக்கு மதிப்பளித்தோ என்னவோ, 1702இல் ஹாண்டெல் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார்; ஆயினும் அடுத்த ஆண்டே ஊரை விட்டு ஹாம்பர்க் துறைமுக நகருக்குப் புறப்பட்டு, அங்கு ஆப்பெரா அரங்கில் பிடில் வாசிப்பவராக அமர்ந்தார்.

அங்கு நடந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. மாத்தேசன் என்ற நண்பர் ஓர் ஆப்பெரா இயற்றி, அதில் தாமே நடிக்கவும் செய்தார். தம் பாத்திரம் மேடையில் இறந்த பின்னர் கீழே வந்து, ஹார்ப்ஸிகார்டு வாத்தியத்தின் முன் அமர்ந்து குழுவை நடத்துவது அவர் வழக்கம். 1704 டிசம்பரில் ஒருநாள் அவ்வாறு வந்தபோது, அவ்விடத்தில் இருந்த ஹாண்டெல் எழுந்து இடம் தர மறுத்துவிட்டார். சொல் முற்றிக் கைகலப்பாகி, இருவரும் வெளியே சென்று வாளை உருவினர். மாத்தேசனின் வாள் ஹாண்டெலின் மேலங்கியில் இருந்த அகன்ற உலோகப் பொத்தானில் பட்டு முறிந்தது. அந்தப் பொத்தான் இல்லையேல் இக்கட்டுரையும் இல்லை. சில வாரங்களில் இருவரும் மீண்டும் நண்பராயினர்.

1706இல் இத்தாலி சென்றார். ஆப்பெராவின் தாயகம் அதுவே. பிளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ், வெனிஸ் ஆகிய நகரங்களில் நான்காண்டுகள் தங்கி, மனிதக் குரலுக்கு எழுதும் கலையைக் கசடறக் கற்றார். 1709ஆம் ஆண்டின் இறுதியில் வெனிஸில் அரங்கேறிய அவருடைய அக்ரிப்பினா தொடர்ந்து இருபத்தேழு இரவுகள் நடைபெற்றது. 1710இல் ஜெர்மனியின் ஹானோவர் அரசவையில் இசைத் தலைமைப் பதவி கிடைத்தது. நிலையான சம்பளம், மதிப்பான வேலை. ஆனால் அவர் உள்ளம் அங்கு நிற்கவில்லை. விடுமுறை பெற்று லண்டன் மாநகருக்கு வந்தார்.

1711 பிப்ரவரியில் ஹேமார்க்கெட் அரங்கில் ரினால்டோ அரங்கேறியது. அதில் சோலைக் காட்சிக்காக உயிருள்ள சிட்டுக் குருவிகளை அரங்கினுள் பறக்கவிட்டனர். அவை கேட்போர் தலைமேலும் பறந்தன. பத்திரிகையில் அடிசன் போன்றோர் நையாண்டி செய்து எழுதினர். ஆயினும் இசையைக் கேட்ட நகரம் மயங்கியது. ஹானோவருக்குத் திரும்பியவர், 1712இல் மீண்டும் விடுமுறை கேட்டு லண்டன் வந்தார். பின்னர் வேலைக்குத் திரும்பவேயில்லை. விடுமுறைக்குச் சென்றவர் திரும்பாவிடில் நம் அலுவலகங்களில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை! இவருக்கு நேர்ந்ததோ அதனினும் சங்கடம். இங்கிலாந்து அரசி ஆன் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் மானியம் அளித்துவந்தார். 1714இல் அவ்வரசி உயிரோடிருக்கும் மக்கள் எவருமின்றி இறக்கவே, அரியணைக்கு உரியவராக வந்து சேர்ந்தவர் அதே ஹானோவர் அதிபர். முதலாம் ஜார்ஜ் மன்னரின் சினத்தைத் தணிக்கவே ஹாண்டெல் படகு இசையை அமைத்தார் என்றொரு கதை நெடுங்காலம் வழங்கிற்று. ஆராய்ச்சியாளர் இன்று அதை ஏற்பதில்லை; மன்னர் முன்னமே மானியத்தை இரட்டிப்பாக்கிவிட்டார். படகு இசை மட்டும் உண்மை. 1717 ஜூலை 17 மாலையில் மன்னர் தேம்ஸ் நதியில் படகேறிச் செல்ல, அருகே மற்றொரு படகில் சுமார் ஐம்பது வாத்தியக்காரர் அமர்ந்து வாசித்தனர். மன்னர் முழுவதையும் மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

1719இல் பிரபுக்கள் பங்குப் பணம் திரட்டி ராயல் அகாடமி என்ற ஆப்பெராக் கழகம் தொடங்கினர். ஹாண்டெல் அதன் தலைமை இசையாளர். 1724இல் வந்த ஜூலியோ சேசரே இன்றும் உலக அரங்குகளில் நடைபெறுகிறது. புகழ்பெற்ற பாடகர்களை இத்தாலியிலிருந்து பெரும் சம்பளத்துக்கு வரவழைத்தார். அவர்களைக் கட்டி மேய்ப்பது எளிதாக இருக்கவில்லை. குட்ஸோனி என்னும் பாடகி, தமக்கெழுதிய பாட்டு எளிமையாக உள்ளது எனப் பாட மறுத்தபோது, அவரை இடுப்பில் பற்றி, சாளரத்தின் வழியே எறிந்துவிடுவதாக ஹாண்டெல் மிரட்டினாராம். பாடகி பாடினார், அந்தப் பாட்டே அவருக்கு லண்டனில் பெயர் வாங்கித் தந்தது.

1727இல் பார்லிமெண்டுச் சட்டத்தின் வழியே ஹாண்டெல் ஆங்கிலக் குடிமகனானார். அதே ஆண்டு இரண்டாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்கு அவர் அமைத்த நான்கு பாடல்களுள் ஒன்று, அதன் பின் நடந்த ஒவ்வொரு முடிசூட்டு விழாவிலும், 2023இல் மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோதும் பாடப்பெற்றது.

புகழ் இருந்தது, ஆனால் அடித்தளம் உறுதியாக இல்லை. ஆப்பெராக்கள் இத்தாலிய மொழியில் பாடப்பட்டன. கேட்ட ஆங்கிலேயரோ மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மொழிபெயர்ப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பொருள் தெரிந்துகொண்டனர். பொருள் விளங்காத பாட்டுக்குத் தலையசைக்கும் வழக்கம் நமக்கும் புதியதன்று. ஆகவே அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. 1728இல் பிச்சைக்காரர் ஆப்பெரா என்ற கேலி நாடகம் வந்தது. தெருவில் பாடும் மெட்டுக்கள், திருடர்களும் சிறைக்காவலரும் பாத்திரங்கள், மொழி ஆங்கிலம். அது அறுபத்திரண்டு இரவுகள் ஓடிற்று. அவ்வாண்டே ராயல் அகாடமி பணமின்றிக் குலைந்தது. ஹாண்டெல் தளராது, தம் பணத்தையும் இட்டு மீண்டும் ஆப்பெராவே நடத்தினார். 1733இல் பிரபுக்கள் சிலர் கூடிப் போட்டிக் குழு அமைத்து, அவருடைய பாடகர் பலரையும் இழுத்துக்கொண்டனர். ஒரு நகரம் ஓர் ஆப்பெராவையே தாங்காதபோது இரண்டு எவ்வாறு பிழைக்கும்?

இப்போட்டியின் நடுவே 1734இல் அவர் கவெண்ட் கார்டன் அரங்குக்கு மாறினார். அங்கு மரீ சாலே என்னும் பிரெஞ்சு நடனமணி இருந்தார். இரும்புக்கூடு போன்ற பாவாடையும் உயர்ந்த கொண்டையும் அணிந்து ஆடும் வழக்கத்தை உதறி, மெல்லிய மஸ்லின் உடையும் விரித்த கூந்தலுமாய், முகபாவத்தாலேயே கதை சொல்லி ஆடிய முதல்வர்களுள் ஒருவர் அவர். ஹாண்டெல் அவருக்கெனவே அரியோதாந்தே, அல்சீனா ஆகிய ஆப்பெராக்களில் நடன இசை அமைத்தார். ஓவியத் திரை, குரலிசை, அபிநயம் மூன்றும் அவர் கையில் அழகுறக் கூடிய ஆண்டு 1735 எனலாம். ஆனால் அல்சீனாவில் மன்மதனாக ஆண்வேடம் புனைந்து ஆடிய சாலேயைக் கூட்டத்தினர் சீழ்க்கையடித்து இகழ்ந்தனர். அவர் மனம் நொந்து பாரிஸுக்குச் சென்றார். லண்டன் மேடைக்குத் திரும்பவில்லை.

1737 ஏப்ரலில் ஹாண்டெலைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கை செயலற்றது, அறிவும் சற்றுக் கலங்கிற்று. வயது ஐம்பத்திரண்டு. ஜெர்மனியிலுள்ள ஆகன் நகரின் வெந்நீர் ஊற்றுக்களில் நீராடச் சென்றார். மருத்துவர் விதித்த நேரத்தைப்போல் மும்மடங்கு நேரம் நீரில் கிடந்தார் என்பர். சில வாரங்களில் தேறினார். குளித்து முடித்தவர் நேரே தேவாலயத்துக்குச் சென்று ஆர்கன் வாசிக்க, கேட்ட கன்னிமாடத்துப் பெண்கள் அற்புதம் நிகழ்ந்தது என்று வியந்தனராம்.

திரும்பிவந்தும் ஆப்பெராவை அவர் உடனே விட்டாரில்லை. 1741இல் அவருடைய கடைசி ஆப்பெரா மூன்றே இரவுகளில் நின்றுபோன பிறகே கைவிட்டார். ஆனால் மாற்றுவழி ஒன்று ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே திறந்திருந்தது. 1732இல் பைபிள் கதையான எஸ்தரை ஆங்கிலத்தில் அரங்கேற்ற முனைந்தபோது, புனித நூலின் கதையை வேடம் கட்டி நடித்தல் கூடாதென லண்டன் பிஷப் தடுத்தார். ஆகவே வேடமும் நடிப்பும் இன்றி, பாடகர்கள் வெறுமனே நின்று பாடினர். ஆரடோரியோ என்னும் இவ்வகை, தடையினால் அவருக்குக் கிடைத்த வாய்ப்பு. திரை போயிற்று, கூத்துப் போயிற்று, பெருஞ்சம்பளப் பாடகர் போயினர். எஞ்சியவை இசையும், கேட்பவரின் சொந்த மொழியும். தனிக்குரலுக்குப் பதில் பலர் கூடிப் பாடும் கூட்டிசை முன்னுக்கு வந்தது. எகிப்தில் இருந்த இஸ்ரவேலரின் துயரத்தை 1739இல் அவர் பாட்டாக்கியபோது, கதாநாயகன் என்று ஒருவரும் இல்லை. மக்கள் கூட்டமே நாயகன்.

1741ஆம் ஆண்டு கோடையில், ஜென்னென்ஸ் என்ற செல்வர் பைபிள் வாசகங்களைக் கோத்துத் தந்த மெசையாவை அவர் கையில் எடுத்தார். ஆகஸ்ட் 22இல் தொடங்கி செப்டம்பர் 14இல் முடித்தார். இருபத்துநான்கே நாட்கள்! இதைத் தெய்வச் செயல் என்பாருண்டு. சில பகுதிகளுக்குத் தாம் முன்னர் எழுதிய இத்தாலியக் காதற்பாட்டுக்களின் மெட்டையே அவர் எடுத்தாண்டார் என்பதையும் சொல்லிவிடல் வேண்டும். பிறர் மெட்டுக்களையும் அவர் தாராளமாக எடுத்துக்கொண்டதுண்டு. அந்நாளில் அது பெருங்குற்றமாகக் கருதப்படவில்லை; எடுத்ததை மேன்மைப்படுத்தினார் என்றே பலரும் மதித்தனர். என் மனம் இதில் முழுவதும் சமாதானம் அடைந்ததில்லை.

அவ்வாண்டு குளிர்காலத்தில் அயர்லாந்து அரசப் பிரதிநிதியின் அழைப்பின்பேரில் டப்ளின் சென்றார். 1742 ஏப்ரல் 13ஆம் நாள் பிஷாம்பிள் தெருவிலிருந்த இசை மண்டபத்தில் மெசையா முதன்முதலாகப் பாடப்பெற்றது. இடம் போதாது என்பதால், பெண்மணிகள் வளையம் வைத்த பாவாடையின்றியும், ஆடவர் இடைவாளின்றியும் வருமாறு பத்திரிகை வாயிலாக வேண்டிக்கொண்டனர். எழுநூறு பேர் நெருங்கி அமர்ந்தனர். அன்று பாடியவருள் ஒருவர் சூசன்னா சிப்பர் என்னும் நடிகை. கணவன் தொடுத்த வழக்கினால் லண்டனில் பெயர் கெட்டு, முகங்காட்ட இயலாமல் இருந்தவர். குரல் பெரியதன்று, ஆனால் ஏசு அவமதிக்கப்பட்டு மக்களால் ஒதுக்கப்பட்டதைக் கூறும் பாட்டை அவர் பாடியபோது, பாதிரியார் ஒருவர் தம்மை மறந்து எழுந்து, இவளுடைய பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்படுக என்ற கருத்தில் உரக்கக் கூவிவிட்டார் என்பர். அன்றைய வருவாய் சுமார் 400 பவுன். அது இரண்டு மருத்துவமனைகளுக்கும் கடனுக்காகச் சிறைப்பட்டோர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பணத்தால் 142 பேர் விடுதலை பெற்று வீடு திரும்பினர்.

லண்டனில் மறு ஆண்டு இதே மெசையாவுக்கு நல்வரவு இல்லை. நாடகக் கொட்டகையில் வேத வாசகம் பாடுவதா என்று வைதிகர் சீறினர். நிலை மாறியது 1750இல். கப்பல் தலைவர் தாமஸ் கோரம் என்பவர், தெருவில் எறியப்படும் பச்சிளங் குழந்தைகளைக் கண்டு மனம் பொறாமல், பல்லாண்டு அலைந்து அனாதைக் குழந்தைகளுக்கான விடுதி ஒன்றை நிறுவியிருந்தார். ஓவியர் ஹோகார்த்தும் அவர் நண்பர்களும் தம் ஓவியங்களை அவ்விடுதிச் சுவர்களுக்கு நன்கொடையாக அளித்தனர். ஹாண்டெல் அதன் தேவாலயத்துக்கு ஓர் ஆர்கன் வழங்கி, மெசையாவை அங்கேயே பாடச் செய்தார். ஆண்டுதோறும் நடந்த இக்கச்சேரிகளால் அக்குழந்தைகளுக்கு ஏறத்தாழ 7,000 பவுன் சேர்ந்தது. மணமாகாத, மக்கட்பேறற்ற அம்மனிதர் தம் உயிலில் மெசையாவின் முழுப் பிரதியையும் அக்குழந்தைகளுக்கே எழுதிவைத்தார்.

ரசீதும் பேரேடும் பார்த்தே நாள் கழிக்கும் என் போன்றோர்க்கு அவருடைய பாங்குக் கணக்கு ஒரு தனி வியப்பு. மூன்று முறை நொடித்தார் என்று பேசப்பட்டவர், இறக்கும்போது 17,500 பவுன் வரை கடன்பத்திரங்களில் வைத்திருந்தார். அக்கணக்கிலே கறையும் உண்டு. 1720ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அடிமை வாணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் பங்குகளும் அவரிடம் இருந்தன. தெருக் குழந்தைகளுக்காக இரங்கியவர் இதை எண்ணிப் பார்த்தாரா என்பதற்குக் கணக்கேடு விடை சொல்வதில்லை.

செலவில் அவருக்கிருந்த ஆசைகள் இரண்டே: ஒன்று சாப்பாடு, மற்றொன்று ஓவியம். புரூக் தெருவில் 1723 முதல் அவர் குடியிருந்த வாடகை வீட்டில் எண்பது ஓவியங்கள் வரை தொங்கின. ரெம்பிராண்டு தீட்டியதாகச் சொல்லப்பட்ட இயற்கைக் காட்சிகளும் அவற்றுள் இருந்தன. ஏலம் நடக்கும் இடங்களுக்குத் தாமே சென்று பார்த்துத் தேர்ந்து வாங்குவார்.

அத்தகையவருக்குக் கண் போயிற்று. 1751 பிப்ரவரி 13ஆம் நாள் ஜெப்தா என்ற ஆரடோரியோவை எழுதிக்கொண்டிருந்தபோது இடக்கண் மங்கியது. இறைவன் செயல்கள் மனிதனுக்கு இருண்டவை என்ற பொருளுள்ள கூட்டிசையின் நடுவே பேனா நின்றது. நின்ற இடத்தில், கண் தளர்ந்ததால் மேலே செல்ல இயலவில்லை என்று அவர் ஒரு குறிப்பு எழுதினார். நாற்பதாண்டுக் காலம் லண்டனில் வாழ்ந்து, ஆங்கிலக் குடிமகனாகி, ஆங்கிலப் பாட்டு எழுதிக்கொண்டிருந்த அவர் அந்தக் குறிப்பை எழுதியது ஜெர்மன் மொழியில். பத்து நாள் கழித்து, தம் பிறந்த நாளன்று, சற்றுத் தேறியதாக மற்றொரு குறிப்பும் அதே மொழியில் எழுதினார். அவ்வாண்டு கோடையில் அந்நூலை முடித்துவிட்டார். அதற்குப் பின் பார்வை முற்றும் அவிந்தது. 1729இல் ஹாலேயில் அவர் கண்டுவந்த தாயாரும் முதுமையில் பார்வை இழந்திருந்தார்.

இங்கே மற்றொரு பெரியாரையும் நினைக்க வேண்டியுள்ளது. ஹாண்டெல் பிறந்த அதே ஆண்டில், ஒரு மாத இடைவெளியில், அதே ஜெர்மனியில் பிறந்தவர் யோஹான் செபாஸ்டியன் பாக். அவர் ஹாண்டெலைக் காண இருமுறை முயன்றும் இருவரும் சந்திக்கவேயில்லை. ஆனால் ஜான் டெய்லர் என்ற ஊர்சுற்றிக் கண் மருத்துவன் 1750இல் பாக்கின் கண்களைக் கீறினான். அவர் அவ்வாண்டே இறந்தார். பின்னர் அதே மனிதன் ஹாண்டெலுக்கும் சிகிச்சை செய்தான். பயன் ஒன்றும் இல்லை.

பார்வையற்றவராயினும் ஹாண்டெல் மேடையை விடவில்லை. ஒருவர் கைப்பிடித்து அழைத்துவந்து ஆர்கன் முன் அமர்த்த, மனத்திலிருந்தே வாசிப்பார். முடிந்ததும் எழுப்பி, அவையோர் பக்கம் திருப்பிவிட, வணங்குவார். காணமுடியாத ஓவியங்களும் அவர் சுவரிலேயே இருந்தன. உயிலின் பிற்சேர்க்கையில், ரெம்பிராண்டினுடையது எனப்பட்ட காட்சியோவியம் ஒன்றை, அதனைத் தமக்கு முன்பு பரிசளித்த நண்பருக்கே திருப்பித் தரும்படி நினைவாக எழுதச் செய்தார். செல்வத்தின் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்த தங்கை மகளுக்கு ஆயிற்று.

1759 ஏப்ரல் 6ஆம் நாள் கவெண்ட் கார்டனில் நடந்த மெசையாவுக்கு அவர் வந்திருந்தார். அதுவே கடைசி. எட்டாம் நாள், ஏப்ரல் 14இல், புரூக் தெரு வீட்டில் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நடந்த அடக்கத்துக்கு மூவாயிரம் பேர் வந்தனர். அவ்வீடு இன்று பொதுமக்கள் காணும் அருங்காட்சியகமாக உள்ளது. அதை ஒட்டிய வீட்டில்தான் 1968, 1969ஆம் ஆண்டுகளில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற அமெரிக்கக் கிதார் வித்வான் குடியிருந்தார் என்பது தற்செயல்.

1762இல் அவர் கல்லறைக்கு மேலே சிற்பி ரூபிலியாக் வடித்த சிலை நிறுவப்பட்டது. கையில் மெசையாவின் ஏடு. கீழே பெயரை ஜெர்மானியர் எழுதும் முறையில் பொறிக்காமல், ஆங்கிலேயர் எழுதும் முறையிலேயே பொறித்தனர். பிறந்த ஆண்டு மட்டும் 1684 என்று இருக்கிறது. இங்கிலாந்தில் 1752க்கு முன் புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியதால், ஆங்கிலக் கணக்குப்படி பிப்ரவரியில் பிறந்தவருக்கு ஓராண்டு பின்னால் போய்விட்டது. அக்கல்லை இன்றுவரை எவரும் திருத்தவில்லை.